உள்ளே மூட்டிய கணப்பு

ஆம்ஸ்டர்டாமில் தெருவுக்குத் தெரு கால்வாய். 18-ஆம் நூற்றாண்டில் அதில் தவறி விழுந்து செத்தவர்கள் ஏராளம். இருட்டும் பனிமூட்டமும் போதாதென்று ஜின் சாராயம் வேறு. கரையில் இழுத்துப் போட்ட உடலைப் பார்த்து உச்சுக்கொட்டிவிட்டு நகர்வதுதான் அதுவரை ஊர் வழக்கம். 1767-ல் அந்த நகரத்துப் பெரியமனிதர்கள் சிலர் கூடி ஒரு சங்கம் தொடங்கினார்கள். நீரிலிருந்து எடுத்தவரைப் பிணமென்று உடனே முடிவுகட்டக் கூடாது, முயன்று பார்க்க வேண்டும், பிழைக்க வைப்பவருக்குப் பரிசு உண்டு என்று அறிவித்தார்கள். உடலைச் சூடுபடுத்துவது, வாயோடு வாய் வைத்து ஊதுவது எல்லாம் அவர்கள் சொன்ன சிகிச்சையில் இருந்தன. ஆசனவாய் வழியே புகையிலைப் புகை ஏற்றுவதும் இருந்தது! 1774-ல் லண்டனிலும் இதேபோல் ஒரு சங்கம் பிறந்தது. தேம்ஸ் நதிக்கரையில் புகையேற்றும் துருத்திப் பெட்டிகளைத் தயாராக வைத்தார்கள். இந்தக் கூத்துக்கு நடுவே சிலர் நிஜமாகவே கண் விழித்தார்கள். எதனால் விழித்தார்கள் என்பதுதான் யாருக்கும் பிடிபடவில்லை.

லிவர்பூல் மருத்துவர் ஜேம்ஸ் கர்ரியை அந்தக் கேள்வி விடவில்லை. 1790-ல் மெர்சி நதியின் முகத்துவாரத்தில் ஒரு கப்பல் உடைந்து, மாலுமிகள் மணிக்கணக்கில் குளிர்நீரில் தவித்ததை அவர் அறிந்தார். ஊரில் ஆட்களைப் பிடித்துக் குளிர்ந்த உப்புநீர்த் தொட்டியில் இறக்கி, தெர்மாமீட்டரும் கையுமாக உட்கார்ந்துவிட்டார். ஒரு விநோதம் கண்ணில் பட்டது. நீரை விட்டு வெளியேறிய பிறகும் உடலின் சூடு கொஞ்ச நேரம் இறங்கிக்கொண்டே போனது. 1797-ல் தன் சோதனைகளைப் புத்தகமாகவும் போட்டார். அந்த விநோதம் எத்தனை உயிர் குடிக்கக்கூடியது என்பதைப் பார்க்க வேறொருவர் ரஷ்யப் பனியில் நடக்க வேண்டியிருந்தது.

நெப்போலியன் படையின் புகழ்பெற்ற அறுவை மருத்துவர் டொமினிக் லாரேதான் அவர். 1812-ல் மாஸ்கோவிலிருந்து பின்வாங்கிய சிப்பாய்கள், வழியில் நெருப்பைக் கண்டால் ஓடிப்போய் ஒட்டி உட்கார்ந்தார்கள். அப்படி உட்கார்ந்தவர்கள் தணலோரத்திலேயே சாய்ந்து செத்ததையும், அவசரமாகச் சூடு காட்டிய கைகால்கள் அழுகிப்போனதையும் லாரே கண்கூடாகப் பார்த்தார். பார்த்தது சரி, முடிவுகட்டியதுதான் தப்பு. விறைத்த உறுப்பைப் பனிக்கட்டியால் தேய்க்க வேண்டும் என்று எழுதி வைத்தார். அந்த வைத்தியம் நூறு ஆண்டுக்கு மேல் உயிரோடிருந்து, விரல்களைக் கொள்ளை கொண்டது.

தணலோரம் நடந்தது பின்னால் விளங்கியது. குளிரில் சிக்கிய உடல், தோலுக்கும் கைகால்களுக்கும் போகும் ரத்தக் குழாய்களைச் சுருக்கி, மிச்சமிருக்கும் சூட்டை இதயத்துக்கும் மூளைக்கும் ஒதுக்குகிறது. வெளியே நெருப்பு வைத்தால் சுருங்கிய குழாய்கள் திறந்துகொள்ளும். ரத்த அழுத்தம் சரியும், கைகால்களில் தேங்கிய சில்லிட்ட ரத்தம் இதயத்துக்குத் திரும்பும். 28 டிகிரி செல்சியஸுக்குக் கீழே போன இதயம் சின்னச் சீண்டலைக்கூடத் தாங்காது. துடிப்பை மறந்து தாறுமாறாக நடுங்க ஆரம்பித்துவிடும். கணப்பை உடம்புக்குள்ளே, இதயத்துக்குப் பக்கத்திலேயே மூட்ட வேண்டும். அதற்கு முதலில் ரத்தத்தை வெளியே எடுக்க வேண்டும். வெளியே வந்த ரத்தமோ சில நிமிடங்களில் உறைந்து கட்டியாகிவிடும்.

அந்தப் பூட்டுக்குச் சாவி, வேறு எதையோ தேடியவன் கையில் சிக்கியது. 1916-ல் அமெரிக்காவின் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தில் ஜே மெக்லீன் என்ற மருத்துவ மாணவருக்கு, ரத்தத்தை உறைய வைக்கும் பொருளைப் பிரித்தெடுக்கும் வேலை தரப்பட்டிருந்தது. நாயின் ஈரலிலிருந்து எடுத்த ஒரு சாறு நேர்மாறாக வேலை செய்தது. பேராசிரியர் ஹவெல் நம்பவில்லை. ஒரு பீக்கரில் பூனை ரத்தத்தை ஊற்றி, சாற்றைக் கலந்து, உறைந்ததும் கூப்பிடுங்கள் என்று சொல்லி அவர் மேசையில் வைத்துவிட்டு வந்ததாக மெக்லீன் பிற்காலத்தில் நினைவுகூர்ந்தார். அழைப்பு வரவே இல்லை. ஹெபாரின் பிறந்தது இப்படித்தான். அதை நோயாளிக்குக் கொடுக்கும் அளவுக்குச் சுத்தப்படுத்த இன்னும் இருபது வருடம் பிடித்தது. அதற்குள் பாஸ்டனில் ஒரு பெண் சாகக் கிடந்தார்.

1930 அக்டோபர். மாசசூசெட்ஸ் பொது மருத்துவமனையில் பித்தப்பை அறுவை முடிந்து தேறிவந்த பெண் அவர். நுரையீரலுக்குப் போகும் பெருங்குழாயை ரத்தக்கட்டி அடைத்துக்கொண்டது. மார்பைத் திறந்து கட்டியை எடுக்கலாம். ஆனால் அந்த அறுவையில் பிழைத்தவர் மிக அரிது என்பதால், கடைசி நிமிடம் வரை காத்திருப்பார்கள். 27 வயது ஜான் கிப்பன் இரவு முழுக்கக் கட்டிலருகே உட்கார்ந்து நாடியும் ரத்த அழுத்தமும் குறித்துக்கொண்டிருந்தார். கழுத்து நரம்புகள் புடைத்து, ரத்தம் கறுத்துக்கொண்டே வந்தது. அந்தக் கறுத்த ரத்தத்தை வெளியே எடுத்து, ஆக்ஸிஜன் ஏற்றிச் சிவப்பாக்கி, மறுபடி உள்ளே விட முடிந்தால் என்ற எண்ணம் அந்த இரவில்தான் அவருக்குத் தோன்றியது. காலையில் அழுத்தம் அடியோடு விழுந்தது. தலைமை மருத்துவர் எட்வர்ட் சர்ச்சில் ஆறரை நிமிடத்தில் கட்டியை எடுத்துவிட்டார். பெண் பிழைக்கவில்லை.

கிப்பன் சொன்ன யோசனையைப் பெரியவர்கள் யாரும் ரசிக்கவில்லை. சர்ச்சிலுக்கே அதில் நம்பிக்கை இல்லை. ஆனாலும் 1934-ல் ஓர் ஆராய்ச்சி ஆண்டை ஒதுக்கிக் கொடுத்தார். அங்கே வேலை பார்த்த மேரி ஹாப்கின்சனை அதற்குள் கிப்பன் மணந்திருந்தார். கணவனும் மனைவியுமாகக் கண்ணாடியும் ரப்பர் குழாயும் பழைய காற்றுப் பம்பும் சேர்த்து ஒரு கருவியை ஒட்டுப்போட்டார்கள். சுழலும் உருளையின் உட்சுவரில் ரத்தத்தை மெல்லிய படலமாக ஓடவிட்டு, மேலே ஆக்ஸிஜனை வீசுவார்கள். சோதனைக்குப் பூனை வேண்டும். இரவில் டூனா மீனும் சாக்குமாக கிப்பன் பாஸ்டன் தெருக்களில் திருட்டுப் பூனைகளைத் தேடி அலைந்தார். 1935 மே மாதத்தில் ஒருநாள், ஒரு பூனையின் நுரையீரல் குழாயை முழுதாக நெரித்து மூடினார்கள். பூனையின் ரத்த அழுத்தம் அசையவில்லை. இயந்திரமே இதயமாகவும் நுரையீரலாகவும் இருந்தது. இருவரும் கட்டிப்பிடித்துக்கொண்டு ஆய்வகத்தைச் சுற்றிச் சுற்றி ஆடினார்கள். பூனைக்கு ஓடியது மனிதனுக்கு ஓட எத்தனை நாள் ஆகும் என்று தெரிந்திருந்தால் ஆடியிருக்க மாட்டார்கள்.

உலகப்போர் மூண்டது. கிப்பன் ராணுவ மருத்துவராகப் போனார். அதே போரில், ஜெர்மனியின் டாக்காவ் முகாமில் கைதிகளைப் பனிநீர்த் தொட்டிகளில் அமிழ்த்திச் சூடேற்றிப் பார்த்த நாஜி மருத்துவர்கள் 80-க்கும் மேற்பட்டவர்களைக் கொன்றார்கள். கொலையென்பது ஒருபுறம் இருக்க, அந்தக் குறிப்புகள் பொய்யும் புரட்டுமாக இருந்ததால் அறிவியலுக்கும் அவை உதவவில்லை. உருப்படியான வேலை கனடாவில் தொடங்கியது.

டொரான்டோவின் வில்ஃப்ரெட் பிகெலோ, குளிரில் கறுத்துப்போன விரல்களை வெட்டியெடுத்ததில் குளிரைப் பற்றி யோசிக்க ஆரம்பித்தவர். போருக்குப் பின், இதய அறுவையைக் கற்றுக்கொள்ள ஜான்ஸ் ஹாப்கின்ஸ் போயிருந்தபோது, ஒரு நள்ளிரவில் விழிப்புத் தட்டியது. இதயத்தை நிறுத்தினால் மூளை நாலைந்து நிமிடத்தில் கெட்டுவிடும் என்பதுதானே சிக்கல்? உடம்பையே குளிரவைத்தால் மூளையின் ஆக்ஸிஜன் பசி அடங்கிவிடாதா? அதுவரை குளிரவைத்துப் பார்த்தவர்கள், குளிர்ந்த உடம்பு கூடுதலாகத்தான் ஆக்ஸிஜனை எரிக்கிறது என்று சொல்லியிருந்தார்கள். எரித்தது குளிரல்ல, நடுக்கம் என்று பிகெலோ கண்டுபிடித்தார். மயக்கமருந்தால் நடுக்கத்தை அடக்கியதும், நாய்களின் ஆக்ஸிஜன் செலவு டிகிரிக்கு டிகிரி இறங்கியது. குளிர் கொல்லும் என்பது எல்லோரும் அறிந்தது. அது காவலும் காக்கும் என்பது அங்கேதான் எண்களாகத் தெரிந்தது.

பிகெலோவின் கதையில் ஒரு சறுக்கலும் உண்டு. குளிர்காலம் முழுக்க வளையில் உறங்கும் மர்மோட் என்னும் பெரிய அணில்வகையின் உடம்பில் அந்த உறக்கத்தைத் தரும் ஏதோ ஹார்மோன் இருக்கிறது என்று நம்பி, அவற்றைப் பண்ணை வைத்து வளர்த்தார். பல வருடத் தேடலில் ஒரு பொருள் கிடைத்தும்விட்டது. கொடுத்தால் ஆள் கள் குடித்தவர்போல் ஆனார். காப்புரிமை வாங்கப் போன இடத்தில்தான் குட்டு உடைந்தது. ஹார்மோனாம்! ஆய்வகத்துப் பிளாஸ்டிக் குழாயிலிருந்து கசிந்த ரசாயனம் அது. இன்னொரு விபத்து அவருக்குப் பழம் தந்தது. குளிரவைத்த நாயின் இதயம் சட்டென நின்றபோது வேறு வழி தெரியாமல் ஒரு கருவியால் குத்தினார். இதயம் துடித்தது. மறுபடி குத்தினார், மறுபடி துடித்தது. ஜான் ஹாப்ஸ் என்ற மின்பொறியாளரோடு சேர்ந்து 1950-ல் செய்த பேஸ்மேக்கர் அந்தக் குத்திலிருந்து வந்ததுதான். அது தனிக்கதை. குளிர்க் கதையின் அடுத்த திருப்பம் சிகாகோவின் ஒரு சந்தில் கிடந்தது.

1951 பிப்ரவரி. கடுங்குளிர் இரவில் குடித்துவிட்டு விழுந்த 23 வயதுப் பெண்ணைக் காலையில் கண்டெடுத்தார்கள். உடலின் உள்வெப்பம் 18 டிகிரி. பிணவறைக்கு அனுப்ப வேண்டிய எண். ஆனால் அவருக்கு மூச்சிருந்தது! இரு கால்களையும் இழந்து, உயிர் பிழைத்தார். மருத்துவ உலகம் வாயைப் பிளந்தது. அடுத்த ஆண்டு செப்டம்பர் 2-ல், மினசோட்டா பல்கலைக்கழகத்தில் ஜான் லூயிஸ் ஐந்து வயதுச் சிறுமியை 28 டிகிரிக்குக் குளிரவைத்து, ரத்த ஓட்டத்தை நிறுத்தி, ஐந்தரை நிமிடத்தில் இதயத்து ஓட்டையைத் தைத்தார். மறுபடி சூடேற்ற அவர்கள் வைத்திருந்தது மாட்டுக்குத் தண்ணீர் காட்டும் தொட்டி. அதில் வெந்நீர் நிரப்பிச் சிறுமியை இறக்கினார்கள். வெற்றிதான். ஆனால் அந்த ஐந்தாறு நிமிடத்துக்குள் முடியாத ஓட்டைகள் எத்தனையோ இருந்தன. இன்னும் ஆழமாகக் குளிரவைத்தால் இதயம் நடுங்க ஆரம்பித்துவிடும். குளிர் தன் எல்லையைத் தொட்டுவிட்டது.

இயந்திரக்காரர் கிப்பனோ பிலடெல்பியாவின் ஜெஃபர்சன் மருத்துவக் கல்லூரியில் பிடிவாதமாக உட்கார்ந்திருந்தார். 1946-ல் அவருடைய மாணவர் ஒருவர், தெரிந்தவர் மூலம் ஐபிஎம் நிறுவனத் தலைவர் தாமஸ் வாட்சனிடம் அழைத்துப் போனார். கணக்குப் பார்க்கும் இயந்திரம் விற்றுக்கொண்டிருந்த நிறுவனம் பணமும் பொறியாளர்களும் கொடுத்தது. பூனைக்குப் போதுமான சுழல் உருளையை மனிதனுக்குப் பெரிதாக்கினால் அது ஏழு மாடி உயரம் போகும் என்று கணக்கு வந்தது. கிப்பனின் இளம் மருத்துவர்கள், ரத்தம் வழுக்கிக்கொண்டு ஓடாமல் சலசலத்து ஓடினால் ஆக்ஸிஜன் பல மடங்கு ஏறுகிறது என்று கண்டுபிடித்தார்கள். கம்பிவலைத் தகடுகளை வரிசையாகத் தொங்கவிட்டு, அவற்றின்மேல் ரத்தத்தை வழியவிட்டார்கள். 1952-ல் முதல் நோயாளி, 15 மாதக் குழந்தை. மார்பைத் திறந்தால் தேடிவந்த ஓட்டை இதயத்துக்குள் இல்லவே இல்லை. நோயையே தவறாகக் கணித்திருந்தார்கள். குழந்தை இறந்தது.

1953 மே 6. அடுத்தவர் 18 வயதுக் கல்லூரி மாணவி. இதயத்தின் மேலறைகளுக்கு நடுவே பெரிய ஓட்டை. இயந்திரம் ஓடத் தொடங்கியது. ஹெபாரின் போதவில்லை. கம்பிவலைகளில் ரத்தம் உறைய ஆரம்பித்தது. தானியங்கிக் கட்டுப்பாடு கைவிட்டது. கையாலேயே ஓட்டினார்கள். கிப்பன் தைத்து முடித்தபோது, அந்தப் பெண்ணின் இதயமும் நுரையீரலும் வேலை செய்யாமல் 26 நிமிடம் கடந்திருந்தது. மாணவி நடந்து வீட்டுக்குப் போனார். 23 வருட உழைப்பு பலித்துவிட்டது. அந்தச் சாதனையை கிப்பன் ஒரு சிறிய பிராந்திய மருத்துவ இதழில் எழுதிவிட்டு அடங்கிப்போனார். காரணம், ஜூலையில் அதே இயந்திரத்தில் படுத்த அடுத்த இரண்டு குழந்தைகளும் இறந்திருந்தார்கள். அதன்பின் அவர் அந்த இயந்திரத்தை வைத்து ஓர் அறுவைகூடச் செய்யவில்லை.

மினசோட்டாவிலும் மேயோ கிளினிக்கிலும் இருந்தவர்கள் அதைப் பிடித்துக்கொண்டார்கள். 1955 முதல் விதவிதமான இதய-நுரையீரல் இயந்திரங்கள் ஓடத் தொடங்கின. இதில் ஒரு குறை. உடம்பைவிட்டு வெளியே குழாயில் சுற்றும் ரத்தம் தானாகவே ஆறிப்போகும். டியூக் பல்கலைக்கழக மருத்துவர் ஐவன் பிரௌன், அந்தக் குறையையே ஆயுதமாக்கப் பார்த்தார். வேண்டும்போது ரத்தத்தைக் குளிர்வித்து, வேலை முடிந்ததும் சூடேற்ற முடிந்தால், பிகெலோவின் குளிரையும் கிப்பனின் இயந்திரத்தையும் ஒரே மேசையில் உட்கார வைத்துவிடலாம். அதற்கு ரத்தம் கெடாமல் வெப்பத்தை மாற்றும் கருவி வேண்டும். செய்து கொடுத்தது யார்? ஜெனரல் மோட்டார்ஸ் நிறுவனத்தின் ரேடியேட்டர் பிரிவு! காரின் இன்ஜின் சூட்டைத் தணித்தவர்கள், எஃகுக் குழாய்களுக்குள் ரத்தத்தையும் வெளியே தண்ணீரையும் ஓடவிட்டு, 1950-களின் கடைசியில் பிரௌன்-ஹாரிசன் வெப்பமாற்றியை உருவாக்கினார்கள். குளிர்நீர் விட்டால் ரத்தம் குளிரும், வெந்நீர் விட்டால் சூடாகும். இரண்டாவது வேலையைத்தான் முதலில் யாரும் பெரிதாக எண்ணவில்லை.

1959-ல் லண்டனில் சார்ல்ஸ் ட்ரூ, நோயாளிகளை 15 டிகிரி வரை இறக்கி, இதயத்தை முழுதாக நிறுத்தி அறுவை செய்து, மறுபடி சூடேற்றி எழுப்பினார். மேசைமீது வேண்டுமென்றே செய்யும் இதை, பனியில் தற்செயலாக விறைத்தவருக்கும் செய்தால் என்ன? 1967-ல் ஸ்வீடனிலிருந்தும் பிரிட்டனிலிருந்தும் அப்படிப்பட்ட முதல் அறிக்கைகள் வந்தன. சுவிட்சர்லாந்தின் பெர்ன் நகர மருத்துவர்கள், ஆல்ப்ஸ் மலையில் இதயம் நின்ற நிலையில் எடுத்துவந்த 32 பேரை இயந்திரத்தில் மாட்டிச் சூடேற்றினார்கள். 15 பேர் பிழைத்து நெடுநாள் வாழ்ந்ததாக 1997-ல் எழுதினார்கள். நார்வேயின் வடகோடி ட்ரோம்ஸோவில் நிலைமை வேறு. அந்தப் பல்கலைக்கழக மருத்துவமனை 1985 முதல் இதே முறையை முயன்றுவந்தது. இதயம் நின்று வந்தவர்களில் ஒருவர்கூடப் பிழைக்கவில்லை.

1999 மே 20. வட நார்வேயின் நார்விக் ஊரருகே மூன்று இளம் மருத்துவர்கள் வேலை முடிந்து மாலையில் பனிச்சறுக்கப் போனார்கள். அவர்களில் ஒருவர் 29 வயது ஸ்வீடன் பெண். சரிவில் கட்டுப்பாடு தவறி, மல்லாந்தபடியே வழுக்கி, உறைந்த ஓடையின் திறப்பு ஒன்றில் தலைகீழாகப் போய் விழுந்தார். உடைக்குள் பனிநீர் புகுந்து உடம்பை உள்ளே இழுத்தது. மேலே 20 சென்டிமீட்டர் கனத்துக்குப் பனிக்கட்டி. நண்பர்கள் இருவரும் வெளியே நீட்டிக்கொண்டிருந்த பனிச்சறுக்குக் கட்டைகளைப் பிடித்துக்கொண்டு, கைப்பேசியில் உதவி கேட்டார்கள். உள்ளே கட்டிக்கும் நீருக்கும் நடுவே ஒரு காற்றுப் பொந்து அவர் முகத்துக்கு அகப்பட்டது. அதில் மூச்சுவிட்டபடி 40 நிமிடம் கையும் காலும் அடித்துப் போராடினார். பிறகு அசைவு நின்றது.

மேலிருந்து வந்த மீட்புக்குழு காலில் கயிறு கட்டி இழுத்துப் பார்த்தது. வரவில்லை. பனி அள்ளும் மண்வெட்டி கட்டியில் பட்டுத் தெறித்தது. கீழிருந்து வந்த குழுவிடம் கூர்முனைத் தோட்ட மண்வெட்டி இருந்தது. அதைக் கொண்டு ஓடையின் கீழ்ப்புறத்தில் ஓட்டை போட்டு, அந்த வழியாக உருவியெடுத்தபோது விழுந்து 80 நிமிடம் ஆகியிருந்தது. மூச்சில்லை, நாடியில்லை. நண்பர்கள் மருத்துவர்களாயிற்றே, அந்த இடத்திலேயே மார்பை அழுத்தத் தொடங்கினார்கள். ஹெலிகாப்டரில் ட்ரோம்ஸோவுக்கு ஏறத்தாழ ஒரு மணி நேரம். வழியெல்லாம் அழுத்திக்கொண்டும் ஆக்ஸிஜன் கொடுத்துக்கொண்டும் வந்தார்கள். இரவு 9.10-க்கு இறக்கிப் பார்த்தால், கண்பாவை முழுதாக விரிந்திருந்தது. இசிஜியில் நேர்க்கோடு. உள்வெப்பம் 13.7 டிகிரி. தற்செயலாக விறைத்து அத்தனை கீழே போன ஒருவர் அதுவரை மீண்டதில்லை.

அவசரப் பிரிவுத் தலைவர் மட்ஸ் கில்பர்ட் முன்னால் இரண்டு வழிகள். ஒன்று, மரணத்தை அறிவிப்பது. இன்னொன்று, அங்கே அதுவரை ஒருமுறைகூடப் பலிக்காத முறையை மறுபடி தொடங்குவது. ஒரே ஒரு தடயம் நம்பிக்கை தந்தது. உயிரணுக்கள் செத்து உடைந்திருந்தால் ரத்தத்தில் பொட்டாசியம் எகிறியிருக்கும். இவருக்கு அது வழக்கமான அளவில்தான் இருந்தது. காற்றுப் பொந்தில் மூச்சுவிட்ட அந்த 40 நிமிடத்தில், இதயம் நிற்கும் முன்பே மூளை குளிர்ந்துவிட்டிருக்க வேண்டும். முதலில் மூச்சு முட்டி, பிறகு குளிர்ந்தவருக்கு இந்தப் பேறு கிடையாது. சூடாகிய பிறகும் எழாதவரைத்தான் இறந்தவர் என்று சொல்ல வேண்டும் என்பது குளிர்நாட்டு மருத்துவர்களின் வாய்மொழி. தொடைக் குழாய்கள் வழியாக இதய-நுரையீரல் இயந்திரத்தை இணைத்தார்கள்.

சில்லிட்ட ரத்தம் குழாயில் வெளியேறி, வெப்பமாற்றியில் சூடாகி, ஆக்ஸிஜன் ஏற்றிக்கொண்டு, தோலையும் கைகால்களையும் கேட்காமல் நேரே உடலின் நடுவுக்குப் போனது. சுமார் பத்தேகால் மணிக்கு இதயம் தானே துடித்தது. நள்ளிரவு தாண்டி 12.49-க்கு 36.4 டிகிரி. நூற்றுக்கும் மேற்பட்ட மருத்துவர்களும் செவிலியர்களும் ஒன்பது மணி நேரம் மாற்றி மாற்றி நின்றிருந்தார்கள். இயந்திரத்தைக் கழற்றியதும் அடுத்த இடி இறங்கியது. நுரையீரல்கள் நீர் கோத்துக் கைவிட்டுவிட்டன.

அறுவைக்கூட இயந்திரத்தில் நாட்கணக்கில் ஒருவரை விட்டுவைக்க முடியாது. ரத்தமும் ஆக்ஸிஜனும் நேரடியாக உரசுவதில் ரத்த அணுக்கள் நசுங்கிப்போகும். இதற்கும் ஒரு தற்செயல் முன்பே வழி காட்டியிருந்தது. 1940-களில் நெதர்லாந்தின் வில்லெம் கோல்ஃப், தன் செயற்கைச் சிறுநீரகத்தின் செல்லோஃபேன் குழாய்களில் ஓடும் ரத்தம் சிவந்துவிடுவதைக் கவனித்தார். படலத்தைத் தாண்டி ஆக்ஸிஜன் உள்ளே போயிருந்தது. ரத்தம் ஒரு பக்கம், காற்று மறுபக்கம், நடுவே மெல்லிய சவ்வு. அந்தச் சவ்வு நுரையீரலை மேம்படுத்தி, 1971-ல் கலிபோர்னியாவில் டொனால்ட் ஹில், விபத்தில் நுரையீரல் கெட்ட 24 வயது இளைஞரை மூன்று நாள் உயிரோடு வைத்துக் காப்பாற்றினார். 1975-ல் ராபர்ட் பார்ட்லெட் பச்சிளம் குழந்தைக்கு அதையே செய்தார். ட்ரோம்ஸோவின் மருத்துவர்கள் அந்தக் கருவியைத்தான் தங்கள் சக மருத்துவருக்கு ஐந்து நாள் மாட்டினார்கள். அதன் பெயர் எக்மோ.

பத்து நாள் கழித்து அவர் கண் விழித்தார். கழுத்துக்குக் கீழே எதுவும் அசையவில்லை. இப்படிக் கிடக்கவா காப்பாற்றினீர்கள் என்று நண்பர்கள்மேல் கோபம் வந்தது. 35 நாள் வெண்டிலேட்டர். நரம்புகள் மெல்ல மெல்லத் திரும்பின. அக்டோபரில் வேலைக்குப் போனார். பின்னாளில், தன்னைப் பிணமாக இறக்கிய அதே மருத்துவமனையில் ரேடியாலஜி மருத்துவரானார். அதுவரை ஒருவரையும் மீட்காத ட்ரோம்ஸோவில், 1999 முதல் 2013 வரை அப்படி வந்த 24 பேரில் 9 பேர் பிழைத்தார்கள். இயந்திரம் பழையதுதான். மீட்புக்குழு முதல் அறுவைக்கூடம் வரை, இது முடியும் என்று தெரிந்துவிட்டதுதான் புதிது என்று எனக்குத் தோன்றுகிறது.

2011 பிப்ரவரியில் டென்மார்க்கின் பிரஸ்டோ கடற்கழியில், 2 டிகிரி நீரில் ஒரு படகு கவிழ்ந்தது. 13 பள்ளி மாணவர்களும் இரண்டு ஆசிரியர்களும் விழுந்தார்கள். ஓர் ஆசிரியர் இறந்தார். ஏழு மாணவர்களை எடுத்தபோது இதயம் நின்றிருந்தது. உள்வெப்பம் 15.5 முதல் 20.2 டிகிரி வரை. ஹெலிகாப்டர்கள் கோபன்ஹேகனின் பெரிய மருத்துவமனைக்குப் பறந்தன. அங்கே அந்த ஏழு பேரையும் எக்மோவில் சூடேற்றினார்கள். ஏழு பேரும் பிழைத்தார்கள்.

தமிழ்நாட்டுக்கு எக்மோ என்ற பெயர் வந்து சேர்ந்தது வேறு விதமாக. 2016 டிசம்பரில் ஜெயலலிதாவுக்கும், 2020-ல் எஸ்.பி. பாலசுப்ரமணியத்துக்கும் எக்மோ பொருத்தப்பட்டதாகச் செய்தி ஓடியபோது, அந்த மூன்றெழுத்தைக் கேட்டாலே வீடுகளில் பேச்சு நின்றது. அந்த இரண்டு செய்திகளுக்கும் நடுவே, 2018 ஆகஸ்டில், இத்தாலியின் மார்மொலாடா மலையில் புயலில் சிக்கி விறைத்த 31 வயது மலையேறி ஒருவருக்கு இதயம் நின்றது. மார்பை அழுத்தத் தொடங்கியதிலிருந்து எக்மோவில் சூடேறி இதயம் மறுபடி துடித்தது வரை 8 மணி 42 நிமிடம் ஆனது. அவர் மூளைக்குக் குறையில்லாமல் எழுந்தார்.